ஆமை டீச்சர் நடத்திய புத்தாக்கப் பயிற்சி

ஒரு காட்டில், ஆற்றங்கரைப் புற்றுமேட்டில், வேலப்பன் என்றொரு கீரி இருந்தது. பாம்பு பிடிப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. எப்படிப் பிடிக்கிறாய் என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் தெரியாதுங்க. பாம்பு வரும், பாய்வேன், அப்புறம் சாப்பாடு" என்று சொல்லும்.

அப்படியிருக்க, சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து அதன் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. வேட்டை உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் புத்தாக்கப் பயிற்சிக்கு வர வேண்டும். வராதவர் உரிமம் ரத்து. "தெரிஞ்ச தொழிலை எதுக்கு மறுபடி படிக்கணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலப்பன் ஆலமரத்தடிக்குப் போனது.

வரிசையில் அதற்கு முன்னால் பொன்னுரங்கம் என்கிற நல்லபாம்பு நின்றுகொண்டிருந்தது. கீரி பாம்புச் சண்டை என்பது ஒரே பாடமாம். அதனால் இரு தரப்புக்கும் ஒரே வகுப்பு. 'வளாகத்துக்குள் கடிக்கக் கூடாது' என்று பலகை வேறு மாட்டியிருந்தார்கள்.

வருகைப் பதிவுக் கருவி கட்டைவிரல் ரேகை கேட்டது. பொன்னுரங்கம் தலையை வைத்துப் பார்த்தது, வாலை வைத்துப் பார்த்தது. சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"அண்ணே, ஒரு கை குடுக்க முடியுமா?" என்றது கூச்சத்தோடு.

வேலப்பனுக்குப் பாவமாகப் போய்விட்டது. வலது கட்டைவிரலைத் தன் பெயருக்கும், இடது கட்டைவிரலைப் பாம்பின் பெயருக்கும் வைத்தது. பிறகு இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன.

பாடம் எடுத்தவர் மங்களவல்லி என்னும் ஆமை டீச்சர். திரையில் பாம்பின் பல்லைப் பெரிதாக்கிக் காட்டினார். விஷம் எந்தப் பையில் ஊறுகிறது, ரத்தத்தில் எப்படி ஏறுகிறது, மூச்சு எப்படி நிற்கிறது என்று நிதானமாக விளக்கினார். வேலப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் பாம்பை வழவழப்பான ஒரு சாப்பாடு என்றுதான் அது நினைத்திருந்தது. இந்த வாய்க்கு நேராகவா தினமும் மூக்கை நீட்டினோம்?

அடுத்து கீரியின் கடைவாய். அதில் பாம்பின் மண்டை எப்படி நொறுங்கும் என்று டீச்சர் படம் போட்டார். பொன்னுரங்கம் மெல்ல பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தது.

கடைசி நாள் செய்முறைத் தேர்வு. இரண்டையும் வட்டத்துக்குள் விட்டு டீச்சர் விசில் ஊதினார்.

"நீங்களே ஆரம்பிங்கண்ணே."

"இல்லப்பா, நீ மொதல்ல படம் எடு."

"எடுத்தா நீங்க பாஞ்சிருவீங்களே."

"பாஞ்சா நீ கடிச்சிருவியே."

இப்படியே பொழுது சாய்ந்தது. டீச்சருக்கோ பெருமை தாங்கவில்லை. "இந்தப் பாடத்துல ரெண்டு பேருமே உயிரோட தேறுனது இதுதான் முதல் தடவை" என்று இரண்டுக்கும் முதல் வகுப்புச் சான்றிதழ் கொடுத்தார்.

சான்றிதழ் கிடைத்தது, சாப்பாடு போயிற்று. எந்தப் பாம்பைப் பார்த்தாலும் வேலப்பனுக்கு அந்தப் பல்தான் தெரிந்தது, கால் எழவில்லை. "வகுப்புக்குப் போறவரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க?" என்று மனைவி கேட்டாள். வேலப்பன் வெட்கத்தில் வெளியே இறங்கி நடந்தது.

ஆற்றோரம் பொன்னுரங்கம் சுருண்டு கிடந்தது. புல் அசைந்தாலே கீரி என்று பயந்து வளைக்குள் ஓடுவதால் அதற்கும் ஒரு எலி அகப்படவில்லை.

"சாப்டீங்களாண்ணே?"

"எங்கப்பா."

வேலப்பன் பெருமூச்சு விட்டு மணலில் உட்கார்ந்தது. மணல் புதிதாகத் தோண்டி மூடியதுபோல் பொலபொலவென்றிருந்தது. கிளறிப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டைகள். காலையில் இட்டு மூடிவிட்டு, அடுத்த வகுப்பு எடுக்கப் போயிருந்தார் மங்களவல்லி டீச்சர்.

பொன்னுரங்கம் ஒரு முட்டையைச் சுற்றி வந்து பார்த்தது. "இது திருப்பிக் கடிக்குமாண்ணே?"

வேலப்பன் படித்ததையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தது. "அப்படி ஒண்ணும் டீச்சர் சொல்லிக் குடுக்கலையேப்பா" என்றது.

பிறகு இரண்டும் ஆளுக்குப் பாதியாக, சண்டை சச்சரவில்லாமல், வயிறாரச் சாப்பிட்டன.

நீதி: தெரிந்த தொழிலையே ஒருவருக்கு மறுபடி கற்றுக்கொடுக்கப் போகிறவர், முட்டையை வேறு காட்டில் இடுவது நல்லது.