ஆடி மாதத்தில் மண்டபம் பிடித்தது குறித்து

திருவேட்டக்குடி
28 ஜூன் 2007

இல்லை அத்தான், எனக்குக் கல்யாணம் இல்லை. மண்டபம் பிடித்தது உண்மை. தாம்பூலம் வைத்து அழைத்ததும் உண்மை. ஆனால் தேதி ஆடியில். ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? ஷார்ஜாவுக்குப் போனால் தமிழ் மாதமுமா மறந்துபோகும்?

அன்புள்ள அத்தானுக்கு என்று தொடங்கியிருக்க வேண்டும். நலம், நலமறிய ஆவல், அப்பாவும் அம்மாவும் விசாரித்தார்கள். எல்லாவற்றையும் இந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் நேற்று வந்தது. "வாழ்த்துகள். மாப்பிள்ளை யார்?" இவ்வளவுதான். மீதித் தாள் வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் அதிக நேரம் படித்தேன்.

நடந்தது இதுதான். ஆடியில் காரைக்கால் மண்டபங்கள் காலி. ஆகவே வணிகர்கள் சேர்ந்து ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி போடுகிறார்கள். மிக்ஸி, சோபா, ஊறுகாய். நடுவே ஒரு ஸ்டால், எனக்கும் மஹ்பூபாவுக்கும். மஹ்பூபா என்னோடு எம்.சி.ஏ. படித்தவள். கட்டற்ற மென்பொருளை ஊருக்குக் காட்டப் போகிறோம். காசு வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்று உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நீங்கள் விட்டுப்போன கணினியில்தான் முதலில் ஏற்றினேன். வைரஸ் வந்து படுத்துக் கிடந்தது எழுந்துகொண்டது. அதுவே ஸ்டாலில் நிற்கும். வருகிறவர்களுக்குக் குறுந்தகடு இலவசம்.

இலவசம் என்றதும் அம்மா மீன்கூடையை இறக்கி வைத்தாள்.

"சும்மாவா? சும்மா குடுத்தா எவடி வாங்குவா? நான் மத்தி மீனச் சும்மா குடுத்தா, மோந்து பாத்துட்டு நாயிக்குப் போடுவாளுவோ."

"இது கெட்டுப்போவாதும்மா."

"அது ஒனக்குத் தெரியும். வாங்குறவளுக்கு?"

யோசித்து அவளே வழியும் சொன்னாள். சும்மா கொடுத்தும் யாரும் சந்தேகப்படாத ஒன்று உலகத்தில் உண்டு, தாம்பூலப் பை. தேங்காய், வெற்றிலை, பாக்கு, அதோடு குறுந்தகடு. நான் வேண்டாம் என்பதற்குள் அச்சகத்துக்கே போய்விட்டாள், அங்கே வைத்திருப்பது ஒரே அச்சு, இடப்பக்கம் பெண் பெயர், வலப்பக்கம் மாப்பிள்ளை பெயர், இவள் இடப்பக்கத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாள், வலப்பக்கம் என்ன போடட்டும் என்று கேட்டவனிடம் "அது இன்னும் முடிவாவுலப்பா, காலியா வுடு" என்றிருக்கிறாள், இப்போது வீட்டில் கட்டுக்கட்டாக மஞ்சள் பை, சிவப்பில் பாரதிப்ரியா, பக்கத்தில் ஒரு பூ, அப்புறம் ஒன்றுமில்லை. அதோடு நின்றாளா? நோட்டீஸ் கொடுத்தால் ஒருத்தியும் வரமாட்டாள், நேரில் அழைக்க வேண்டும் என்று உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போனாள், என்ன விசேஷம் என்று கேட்ட இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருள் என்று சொல்ல வாய் வராமல் "நம்ம பாரதி விசேஷந்தான், மண்டபத்துல, அவசியம் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலைதான் எங்கள் வீட்டுக்கு நீங்கள் போன் செய்தது. அழைத்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த உங்கள் அம்மா, அத்தைதான், எடுத்தார்கள். "ஆடியில மண்டபம் புடிச்சாச்சு தம்பி, தாம்பூலமும் வச்சாச்சு, நம்ம பாரதிக்கு..." அதோடு லைன் போய்விட்டது. எங்கள் தெரு லைன் உங்களுக்குத் தெரியாததா.

பெயர்ப்பலகை இன்னொரு கதை. இந்த மென்பொருளுக்கு அடையாளம் ஒரு பென்குவின். படகுகளுக்குப் பெயர் எழுதும் செல்லக்கண்ணு அண்ணனிடம் படத்தைக் கொடுத்தேன்.

"என்ன பறவ தங்கச்சி இது?"

"பென்குவின்ண்ணே. பனியில இருக்கும்."

"பறக்குமா?"

"பறக்காது. நீந்தும். மீன் திங்கும்."

"அப்ப நம்மாளுதான்."

அருமையாக வரைந்தார். நெற்றியில் மூன்று கோடு திருநீறு. கேட்டதற்கு, வெறும் நெற்றியோடு எதையும் கடலுக்கு அனுப்பிப் பழக்கமில்லை என்றார். இது மண்டபத்துக்குத்தான் போகிறது என்றேன். எங்கே போனால் என்ன என்றார். மஹ்பூபா வந்து வெகுநேரம் பார்த்தாள். "அழிக்காதடி. கணக்கு வாத்தியாரு மாதிரி இருக்கு. நாலு பேரு நம்பி வாங்குவாங்க."

இப்போது தினமும் ஒத்திகை. மஹ்பூபா பொதுமக்களாக நிற்பாள். நான் விளக்குவேன். "இதில் ஒளிவு மறைவு கிடையாது. உள்ளே இருப்பது யார் திறந்து பார்த்தாலும் தெரியும்." இந்த வரி வரும்போது மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறதாம். தொண்டை சரியில்லை என்றேன்.

ஆகவே, அத்தான், வேறு விசேஷம் எதுவும் இல்லை. இதற்காக லீவு போட்டு வர வேண்டாம். நீங்கள் நம்பியதிலும் எனக்கு வருத்தமில்லை. நம்பும்படித்தான் இருந்தது.

வெயிலில் தலைக்குத் துணி போடாமல் நடக்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும், வெற்றிலையோடு அலையும் இரண்டு அம்மாக்களும், திருநீறு பூசிய ஒரு பறவையும் வேண்டிக்கொள்கிறோம்.

பாரதி

பி.கு. லைன் தானாகப் போகவில்லை. அத்தை "நம்ம பாரதிக்கு" என்ற இடத்தில் போனின் பொத்தானை அமுக்கியது நான். பதறிப்போய் மறுபடி கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். இருட்டும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வாழ்த்து எழுதி அனுப்பினீர்கள்.

வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். மாப்பிள்ளை யார் என்று கேட்டிருந்தீர்கள். அதை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும். ஆடிக்கு அடுத்தது ஆவணி.

இவ்வளவும் எழுதி, உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு, மண்டபத்துக்குப் போனேன். எங்கள் ஸ்டாலுக்கு இரண்டு நாற்காலி என்று எழுதியிருந்தார்கள். மூன்றாக மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.