செல்லும் செல்லாது

சர்க்கரைப்பட்டினம் என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடவேண்டாம்; அரண்மனையைச் சிறிதாக வரைந்துவிட்டார்களென்று மன்னரே அதைக் கிழித்துவிட்டார்.

அங்கே தெய்வானை என்ற வைத்தியச்சி செயற்கைச் செல் செய்தாள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புச் சவ்வுப் பை, உள்ளே மருந்து, சவ்வில் ஒரு கதவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கதவு தானே திறக்கும். எல்லாம் மகள் பூரணிக்காகத்தான். சர்க்கரை ஏறி அடிக்கடி மயங்கி விழுகிற பெண். பெற்ற வயிறு பற்றி எரியாதா?

மந்திரி ராஜபூஷணம் விசாரணைக்கு அழைத்தார். "இந்தச் செல்லின் தகப்பன் பெயர்?"

"கொழுப்புதாங்க ஐயா."

"யாருக்கு?"

"சவ்வுக்குங்க."

"போகட்டும். கதவு யாரைக் கேட்டுத் திறக்கும்?"

"யாரையும் கேக்காதுங்க. கேட்டுக்கிட்டிருந்தா உசுரு போயிடும்."

மந்திரிக்கு வேர்த்துவிட்டது. கேட்காமல் திறக்கும் கதவா! அத்தனை கதவுக்கும் அரக்கு முத்திரை வைத்து, மூன்று கோடிச் செல்களையும் பறிமுதல் செய்தார். பூரணி மறுபடி படுக்கையில் விழுந்தாள். தெய்வானைக்கு அழுகை முட்டியது. அழவும் அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

தேர்தல் வந்தது. "இம்மண்ணில் பிறந்து, இன்றுவரை வாய் திறவாத மூன்று கோடிச் செல்களே உத்தமக் குடிகள். அவர்களுக்கு வாக்குரிமை உண்டு. வாய் திறப்போர் வாக்கு செல்லாது" என்று முரசறைந்தார்கள். "இதென்ன அநியாயம்!" என்று ஊரே வாய் திறந்தது. ஊரே செல்லாமல் போயிற்று. செல்களின் மௌனம் சம்மதமாக எண்ணப்பட்டது. மூன்று கோடி வாக்கில் மன்னர் வென்றார்.

வெற்றி விருந்தில், நாற்பதாவது ஜாங்கிரியில், மன்னர் அரியணையிலிருந்து சரிந்தார்.

"பெண்ணே, முத்திரையை உடை! செல்லைச் செலுத்து!" மந்திரி அலறினார்.

"பாதி ராஜாவுக்கு, பாதி எம்மகளுக்கு. சம்மதமா?" தெய்வானை இந்தத் தடவை 'ங்க' போடவில்லை.

மந்திரி பூம்பூம் மாடாய்த் தலையாட்டினார். அவள் அரக்கைக் கரைத்து மன்னருக்கு ஊசி போட்டாள்; வீட்டுக்கு ஓடி மகளுக்கும் போட்டாள். கதவுகள் திறந்தன. மன்னர் ஏப்பம் விட்டு எழுந்தார். பூரணி "அம்மா, பசிக்குது" என்றாள். தெய்வானை மகளைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் வீட்டுப் பானைகள் உருண்டன.

தேர்தல் அதிகாரி மட்டும் கையைப் பிசைந்தார். "ஐயா, மூன்று கோடி வாக்காளரும் வாய் திறந்துவிட்டார்கள். ஒரு வாக்கும் செல்லாது."

"எதிர் வாக்கு?" என்றார் மந்திரி.

"அதுவும் பூஜ்யம்."

"அப்படியானால் மன்னர் ஏகமனதாக வென்றார்!"

மறுநாள் மன்னர் உப்பரிகையில் தோன்றினார். கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற பூரணி, அரண்மனைத் தமிழிலேயே கூவினாள்: "மன்னா, செல்!"

ஊர் பிடித்துக்கொண்டது. "செல்! செல்!"

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் மன்னர்.

"தங்களைக் காத்த செல்லை வாழ்த்துகிறார்கள், மன்னா" என்றார் மந்திரி.

மன்னர் நெகிழ்ந்து கையசைத்தார். கூட்டம் அரண்மனைப் படியேறிக்கொண்டிருந்தது.