முழங்கை மட்டம்

போன ஜனவரி ஒன்றாம் தேதி பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். இந்த வருஷம் எனக்கென்று ஒரு கடைசல் மிஷின், ஒரு லேத், வாங்கியே தீருவது. யார் தடுத்தாலும் சரி. அந்த யார், யார் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் மரியசுந்தரம். வில்லியனூர் பக்கம் ஊர். மதகடிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் லேத் முன்னால் நின்றவன். முப்பத்தொரு வருஷமும் ஒரே புஷ், விரல் நீளக் குழாய்த் துண்டு. அதே விட்டம், அதே நீளம், எவனோ போட்ட டிராயிங். அது எந்த வண்டிக்குள் போய் உட்கார்ந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. கை வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் குழம்புக் கிண்ணத்தை லேத் கைப்பிடி மாதிரி வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பிக்கொண்டிருப்பேன். வயல் மோட்டார் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். எனக்கென்று ஒரே ஒரு பொருள் கடைய வேண்டும். யார் டிராயிங்கும் இல்லாமல். என்ன பொருள்? அது தெரியாது. கை சொல்லும் என்று நம்பினேன்.

தவளக்குப்பத்தில் என் சிநேகிதன் ஆண்டனி ஒர்க்‌ஷாப்பைக் காலி செய்துகொண்டிருந்தான். பிரான்சில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடப் போகிறான். மூலையில் ஒரு குட்டி லேத், நீளம் இரண்டடிதான். அதைப் பார்த்ததும் எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று வந்த படபடப்பு வந்தது.

"நீயே எடுத்துக்கோ. ஆனா இதுக்குக் கால் கெடையாது. ஸ்ட்ராங்கா ஒரு மேசை வேணும்" என்றான்.

வீட்டுக்கு வந்து, என் மனைவி கிரேஸ் மேரியிடம் நைசாகப் பேச்சை எடுத்தேன்.

"மேரி, ஒரு மேசை செய்யலாம்னு இருக்கேன்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மா மேசைக்கா ஆண்டனி அண்ணன் போன் பண்ணி லேத்தை எப்ப ஏத்தி அனுப்பணும்னு கேக்குறாரு?"

என் ரகசியத்தின் ஆயுள் பதினொரு கிலோமீட்டர்.

"மோர் கடையச் சொன்னா கை வலிக்குது. இரும்பு கடையணுமாம்" என்றாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். "சரி, வாங்கிக்கோங்க. மேசை மட்டும் ஆடக் கூடாது."

அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வேப்பம் பலகை வாங்கி, நாலு கால் வைத்து, ஒரு வாரத்தில் மேசையை முடித்தேன். மேரி வந்து பார்த்தாள். உள்ளே போய் மிக்ஸியைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்து ஸ்விட்சைப் போட்டாள். மிக்ஸி தடதடவென்று நடந்து மேசை விளிம்புக்கு வந்தது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"மிக்ஸியே நடக்குது. லேத்து?"

"லேத் ஓடத்தான வாங்குறோம்?"

"ஓடட்டும். தெருவுல ஓடக் கூடாது. பேசாம சிமெண்ட்ல கட்டிடுங்க. வீரப்பன வரச் சொல்றேன்."

நல்ல யோசனைதான். ஒரே வார்ப்பாகக் காங்கிரீட் போட்டு, போல்ட்டையும் அதிலேயே புதைத்துவிட்டால் பூமி ஆடினால்தான் லேத் ஆடும். கொத்தனார் வீரப்பனிடம் தெளிவாகச் சொன்னேன்: "ரெண்டு விஷயம்பா. லேத்துக்கு அடியில ஒட்டுப்போட்டது எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் லேத்துல ராடு சுத்துற சென்டரு முழங்கை மட்டத்துக்கு வரணும். லேத் ஒசரத்தக் கழிச்சுட்டு மேசையக் கட்டு."

சொல்லிவிட்டு, போல்ட் ஓட்டைகளின் அளவை ஒரு பலகையில் குறித்துக் கொடுத்துவிட்டு, தவளக்குப்பம் போய்விட்டேன். இரண்டு நாளும் அந்த லேத்தைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். ஆண்டனி, "போதும்பா, தேஞ்சிடப் போவுது" என்றான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் திரும்பி வந்தால் கொல்லைக் கொட்டகையில் காங்கிரீட் மேசை தயார். தரைக்கும் தளம் போட்டிருந்தான், மேசைக்கு முன்னால் ஒரு துண்டு தவிர. பக்கத்தில் போய் நின்றேன். மேசை என் தொடைக்கு வந்தது.

"வீரப்பா! முழங்கை மட்டம்னு சொன்னேனே!"

"முழங்கை மட்டம்தாண்ணே. யாரு முழங்கைன்னு நீ சொல்லல. அக்கா வந்து நின்னுச்சு. அளந்தேன்."

நான் ஆறடி. மேரி என் தோளுக்குக் கீழே நிற்பவள்.

"மேல இன்னும் ரெண்டு வரிசை கல்லு வெச்சு ஒசத்திடு."

"ஒட்டுப்போட்டா ஆடும்னீங்களே" என்றாள் மேரி, கதவோரம் நின்று.

"நீ எதுக்குடி அளவு குடுத்த?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"முப்பத்தொரு வருஷமா உங்க சட்டையில இருந்து இரும்புச் சுருளு உதுருது. நான் கூட்டிக்கினே இருக்கேன். நீலமா, பளபளன்னு. இது எப்பிடித்தான் வருதுன்னு ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. வருஷா வருஷம் ஆயுத பூசைக்குக் கம்பெனிக்குக் கூட்டிக்கினு போனீங்க. அன்னிக்குத்தான் மிஷினு ஓடாது. மாலை போட்டுக்கினு சும்மா நிக்கும். என் கையால ஒரு சுருளு எடுக்கணும். அவ்ளோதான்."

வீரப்பன் சிமெண்ட் சட்டியைக் கழுவப் போய்விட்டான். எனக்கும் கழுவ ஏதாவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காங்கிரீட் நன்றாக இறுகியபிறகு குட்டி யானை வண்டியில் லேத் வந்தது. நட்டு போட்டு இறுக்கினோம். மேசை மீது தண்ணீர் டம்ளர் வைத்து மோட்டாரைப் போட்டேன். தண்ணீரில் ஒரு சின்ன வளையம்கூட இல்லை.

முதல் வெட்டு மேரியினுடையது. அலுமினிய ராடு மாட்டிக் கொடுத்து, கையைப் பிடித்துக் காட்டினேன். வெள்ளிச் சுருள் ஒன்று உடையாமல் நீளமாக இறங்கியது. மிஷினை நிறுத்தச் சொல்லி, அதைப் பதமாக எடுத்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு சுருளோடு ஆசை தீரும் என்று நினைத்தேன். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். நான் குனிந்து பத்து நிமிஷம் நின்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். என் லேத், என் கொட்டகை, நான் பக்கத்தில் எண்ணெய் டப்பாவுடன். சாப்பிடும்போது கை மறுபடியும் கிண்ணத்தைத் திருப்ப ஆரம்பித்தது.

எட்டாம் நாள் ஞாயிறு. முதுகு வலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் தங்கினேன். யோசனை வந்துவிட்டது. மேசையை ஏற்ற முடியாது. ஆளை இறக்கலாமே! மம்மட்டியை எடுத்து லேத்துக்கு முன்னால் குழி வெட்டினேன். முக்கால் அடி போதும். வேகத்தில் ஒரு அடி போய்விட்டது.

பக்கத்து வீட்டு நடேசன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மரியசுந்தரம், கல்லறைய மொதல்ல கட்டிட்டு, குழிய இப்பதான் வெட்டுறியா?"

"லேத்துக்குப்பா!"

"லேத்தையா பொதைக்கப் போற?"

மம்மட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி நின்றேன். லேத் என் முழங்கைக்கு வந்தது. பித்தளை ராடு மாட்டினேன். மோட்டார் பாடியது. கண்ணில் தண்ணீர். தூசிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை அதன் போக்கில் விட்டேன். என்ன வரும், என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் கழற்றித் துடைத்தேன்.

புஷ். அதே விட்டம். அதே நீளம்.

மேரி பூசை முடிந்து வந்து குழியோரம் நின்றாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத செய்யத்தான் தெனம் போனீங்களா? அழகாத்தான் இருக்குது." கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு குழியைப் பார்த்தாள். "ஒரு மாசம் ஆவும்னு நெனச்சேன். எட்டே நாள்ல வெட்டிட்டீங்க."

"இன்னாது?"

"அந்த எடத்துல மட்டும் தளம் போடாத, அவரு குழி வெட்டுவாருன்னு வீரப்பன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். நான் நிக்கும்போது மேல பலகை போட்டுக்குவேன்."

திட்டுவதற்காக நிமிர்ந்தேன். குழிக்குள் நின்றதால் அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கண்ணுக்கு நேராக நின்றதே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. கோபம் எங்கேயோ போய்விட்டது.

"மேரி..." என்றேன்.

"மேடை குள்ளமா இருக்குது, குனிஞ்சு பாத்திரம் தேச்சா முதுகு வலிக்குதுன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றீங்களே" என்றாள் மேரி. "சமையக்கட்டுலயும் இதே ஆழத்துல ஒண்ணு வெட்டிடுங்க."