முருங்கையை விட்டு எள்ளுக்குப் போன தேனீக்கள்

விருத்தாசலம்,
17.3.2006

அன்புள்ள மைத்துனர் மாணிக்கவேலுக்கு, விருத்தகிரி எழுதுவது. செராமிக் நகரில் நானும் உன் அக்கா கமலமும் சுகம், வெயில்தான் சுகமில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் எல்லோரும் நலமென்றே நம்புகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மாடியில் வைத்துப்போனாயே, அந்தத் தேனீப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப்போகவும். ரிடையராகும்வரை பீங்கான் கோப்பைகளில் பூ வரைந்தவன் நான். பூவைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று அடுக்கு ரோஜாவும் காகிதப்பூவும் தொட்டி தொட்டியாக வைத்தேன். ஒரு ஈ திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் பீங்கான் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் வந்தன. தீர்ந்ததும் நிறத்தை ஞாபகம் வைத்து ஓரிரு முறை வந்து பார்த்தன, அப்புறம் அந்தப் பக்கமே இல்லை. அத்தனையும் போனது பக்கத்து வீட்டுக் காத்தவராயனின் முருங்கைக்கு. சாக்கடைத் தகராறிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் சம்சாரம் அம்புஜவல்லியைக் கன்னத்தில் ஒன்று கொட்டிவிட, மறுநாள் அரிவாளோடு மரத்தடியில் நின்றார். மரம் போனால் பெட்டியில் உள்ளவை பட்டினி. வேறு வழியில்லாமல் போய்க் கும்பிட்டேன்.

"ஒங்க வூட்டுப் பூவுல ஒண்ணுமில்லீங்க. அதான் எங்க வூட்டுக்கு வருதுங்க" என்றார். சொல்லும்போதே அவர் முகம் தெளிந்துவிட்டது. அரிவாள் உள்ளே போனது, டீ வெளியே வந்தது. அதன்பின் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மரத்தைக் காட்டிப் பெருமை பேசினார்.

போன வாரம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் எள்ளு பூத்தது. தேனீக்களில் எவளோ ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, மற்றவைக்கு வழி சொல்லக் கூட்டில் ஆடிக் காட்டியிருக்கிறாள். அங்கே இனிப்பு அதிகம் போலிருக்கிறது, கூட்டமே அந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. நேற்று காத்தவராயன் வாசலில் வந்து நின்றார்.

"எங்க மரத்துக்கு என்னாங்க கொறச்சலு? நீங்கதான சொல்லி அனுப்புனீங்க?"

"நான் சொன்னா அதுங்க கேக்குமாங்க?"

"அப்ப இனிமே நமக்குள்ள பேச்சு வேணாங்க."

வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். என்னால் ஆகாது. பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
விருத்தகிரி

பி.கு.: உறையை ஒட்டும்போது காத்தவராயன் வந்தார். பெட்டியை எடுக்க வேண்டாம். அவர் மாடிக்கும் ஒன்று கொண்டு வா. சொந்த வீட்டு ஈ சொந்த மரத்தை விட்டுப் போகாதாம். அதுவும் எள்ளுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.