தாங்கியின் ஆட்டம் அடங்கிய விதம்

கச்சான் காற்றுக்கு மாமனார் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி இரும்புக் கால்களோடு ஆடியது. வெல்டிங்காரரைக் கூப்பிட யோகராசா போனை எடுத்தபோது, "விடுங்கோ மாமா, நான் பாக்கிறன்," என்று அகிலன் வாயை விட்டுவிட்டான். புது மாப்பிள்ளை. கலியாணக் கார்ட்டில் 'எஞ்சினியர்' என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். நறுவிலிக்குளத்தில் அதை வாசிக்காத ஆளில்லை.

மருமகனை மறுத்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. யோகராசா போனை மடியில் செருகிக்கொண்டார்.

தாங்கியின் பின்கால்கள் இரண்டும் குளிக்கிற இடத்து ஓலை மறைப்புக்குள் நின்றன. முன்காலில் அகிலன் ஒரு சின்ன மோட்டரைக் கட்டினான். வேகத்தை மெல்ல மெல்லக் கூட்ட, எந்த வேகத்தில் எவ்வளவு ஆட்டம் என்று அவனுடைய போன் கோடு கீறியது. ஒரு வேகத்தில் கோடு மலையாக எழும்பும். மலை அகலமென்றால் ஆட்டம் கெதியில் அடங்கும். ஒல்லியென்றால் அடங்காது. வந்தது ஊசி.

"தணிப்புக் காணாது மாமா," என்றான். ஆட்டத்தை அடக்குகிற தன்மை போதாது என்பதைத்தான் அப்படிச் சொன்னான். அது ஏதோ நோயென்று நினைத்து யோகராசா கவலையோடு தலையாட்டினார்.

ஜாக்கி போட்டுக் கால்களுக்கடியில் டயர்த் துண்டுகளைச் செருகினான். ஆட்டம் கூடியது. கம்பியால் குசினிக் கூரையோடு இழுத்துக் கட்டினான். கூரையும் சேர்ந்து ஆடி, மாமியின் சட்டிகள் விழுந்து உடைந்தன. மாமி ஏசவில்லை. மருமகனுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இன்றும் ஊசி வந்தால் கார்ட்டில் அடித்தது பொய்யென்று ஊர் சொல்லும். டயரையும் கம்பியையும் கழற்றிவிட்டு, முன்கால்களைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினான். மாமாவைக் காணவில்லை. வெட்கத்தில் வயலுக்குப் போயிருப்பார் என்று நினைக்க அவனுக்கு அழுகை வந்தது.

மோட்டரைப் போட்டான். ஊசியைக் காணோம். மலை அகலமாகப் படுத்துக் கிடந்தது.

சனம் கைதட்டியது. அகிலன் கதிரையில் ஏறி நின்று, மலையின் அகலத்தை உச்சி வேகத்தால் பிரித்துத் தணிப்பைக் கண்டுபிடிக்கிற கணக்கை விளக்கத் தொடங்கினான். மோட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒருவரும் கேட்காத கேள்விகளுக்கும் மறுமொழி சொன்னான். இதற்குப்போய் வெல்டிங்காரரா என்று சிரித்தும் காட்டினான்.

மாமாவின் இளைய மகள், மச்சாள் பிரேமினி, ஓலை மறைப்புக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"அத்தான், மெசினை நிப்பாட்டுங்கோ. தாங்கிக் காலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அப்பாவுக்குக் கை உளையுது."