ஓட்டோமெட்டிக் அண்ணனின் இடது கை

மலைநாட்டில் வளைவுகளை நேசித்த ஒரே பஸ் சாரதி எங்கள் ஓட்டோமெட்டிக் அண்ணன்தான். மற்றவர்கள் ஒவ்வொரு வளைவிலும் ரோட்டுப் போட்டவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு திரும்புவார்கள். இவர் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார். ஒருமுறை கல்யாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய் வந்தவர் என்னிடம் நொந்துகொண்டார்: "அது என்னா ரோடு சேர், கோடு கிழிச்ச மாதிரி. அதுல ஓட்டுனா வாச்சு என்னத்துக்கு ஆவும்?"

அவருடைய கவலையெல்லாம் வாச்சுதான். அவர் கட்டுவது ஓட்டோமெட்டிக் வாச்சு மட்டும். அதற்கு பெட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். கட்டியிருக்கிற கை ஆட ஆட உள்ளே ஒரு தகடு சுழன்று தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்துவிட்டால் இரண்டு நாளில் நின்றுபோகும். அக்கரப்பத்தனையிலிருந்து லிந்துலை, தலவாக்கலை வழியாக ஹட்டனுக்கு ஓடுகிற பழைய பஸ்ஸில் கியர் போடுகிற இடது கைக்கு ஓய்வு ஏது? அவர் வாச்சு நின்றதாகச் சரித்திரமே இல்லை.

நான் லிந்துலையில் ஏறி ஹட்டனில் இறங்கும் வாத்தியார், அதனால் அவருக்கு நான் 'சேர்'. முன் சீட்டில் உட்கார்ந்த பாவத்துக்கு, போகிற வழியெல்லாம் வாச்சுப் புராணம் கேட்பேன். பெட்டரி வாச்சை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "அது யார் கையின்னு பாக்காது சேர். பொணத்துக்குக் கட்டுனாலும் ஓடும். இது அப்புடியில்ல, நம்ம அசஞ்சாத்தான் அதும் அசையும்," என்பார். ஒருநாள் மண்சரிவில் ரோடு அடைபட்டு பஸ் நின்றது. மனுஷன் எழுந்து நின்று, தன் வாச்சின் கண்ணாடி முதுகைக் காட்டிப் பிரசங்கம் பண்ணினார். அது கடைசி சீட்டுவரை கைமாறிப் போனது. வாங்கின ஒவ்வொருவரும் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்ததில், ஒரு அடி நகராத பஸ்ஸிலேயே அதற்கு முழுச் சாவியும் ஏறிவிட்டது.

விலை ஒன்றும் பெரிதில்லை. அவரிடமிருந்த எந்த வாச்சும் ஒரு சாதாரண போன் விலைக்கு வராது. இவர் கேட்கிற கேள்விக்குப் பயந்தே ஹட்டன் கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிடுவார். அப்படியே சேர்ந்து சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டன. வாச்சு பன்னிரண்டு, இடது கை ஒன்று. இதற்கு அண்ணன் கண்டுபிடித்த வழி உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது. ஊரில் யார் கை ஓயாமல் ஆடுகிறது என்று பார்த்து, அந்தக் கையில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்.

தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவுக்கு ஒன்று. கோயிலில் தப்பு அடிக்கிறவருக்கு ஒன்று. லிந்துலை டவுனில் அவர் வீட்டுக்குக் கீழேயிருக்கும் ஹோட்டலில் வீச்சு ரொட்டி போடுகிற நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), பெரிய மனது பண்ணி, இரண்டு. இரவலுக்குக் காசு கிடையாது, கை மட்டும் ஆட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஆசைப்பட்டு நானும் ஒன்று கேட்டு வாங்கினேன். இரண்டாம் வாரமே பஸ்ஸை நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் கழற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க சேர். சோக்குப் புடிக்கிறது, போர்டுல எழுதுறது, பிள்ளைகள மெரட்டுறது எல்லாம் வலது கைதான். ஒங்க எடது கை சும்மா கெடக்குது." அன்றைக்கு ஹட்டன் வரைக்கும் பஸ்ஸே என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தது.

இப்படிப்பட்டவர், போன மழைக்காலத்தில் வீட்டுப் படியில் பாசி வழுக்கி விழுந்தார். முறிந்தது இடது கை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள், கொஞ்ச நாளில் அவிழ்த்தும் விட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்தான் மடங்கவில்லை. தினமும் பயிற்சி செய்தால் சரியாகும், செய்யாவிட்டால் அப்படியே விறைத்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும், முதன்முதலில் வாங்கிய அந்த நீல முகத்து வாச்சை இடது கையில் கட்டிக்கொண்டார். "இது நிக்காம ஓடுச்சின்னா நான் மறுபடி கியர் போடுவேன். நின்னுருச்சின்னா பஸ்ஸ விட்டுற வேண்டியதுதான்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அசையாத கையில் எந்த வாச்சு ஓடும்? நின்றுவிட்டது. அதோடு மனுஷனும் நின்றுவிட்டார். பயிற்சிக்கு வாங்கிய ரப்பர் பந்து மூலையில் கிடந்தது. நான் பார்க்கப் போனபோது இரவல் கொடுத்த வாச்சுகளையெல்லாம் அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்றார். கருமியைப்போலக் காத்த பொருளை ஒருவர் சும்மா கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

மதினி, அதாவது அவர் மனைவி, என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "பகல் சோறு தின்னுட்டு நல்லாத் தூங்குறாரு சேர். கழட்டித் தர்றேன். கீழ நானாகிட்ட குடுத்து வாங்கியாங்க, அவுரு முழிக்கிறதுக்குள்ள திரும்பக் கட்டிறணும்," என்றார். வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

நானா மறுபேச்சுப் பேசவில்லை. மத்தியானம் மாவு பிசைந்து, பின்னேர வியாபாரத்துக்கு ரொட்டி வீசுகிற நேரம் அது. வாச்சை முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வீசத் தொடங்கினார். அன்றைக்கு ரொட்டி வழக்கத்தைவிட ஒரு சுற்று அகலமாகவே வந்தது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, நேரமும் வைத்துக் கொடுத்தார். அண்ணன் முழித்துப் பார்க்கும்போது வாச்சு கையில் ஓடிக்கொண்டிருந்தது.

அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த பந்தை எடுத்துத் தரச் சொன்னாராம். இதை மதினிதான் மறுநாள் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு இதுதான் உத்தியோகம். வாச்சு மாடிக்கும் கீழுக்கும் அலைந்தது. அண்ணன் பந்தை அமுக்கினார், ஈரத்துணி பிழிந்தார், பெருவிரலை மற்ற விரல்களோடு தொட்டுத் தொட்டுப் பழகினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஹோட்டலைப் பூட்டிவிட்டு, நானா பிள்ளைகுட்டிகளைப் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் முழிப்பதற்குள் போய் வருகிற தூரத்தில் ஓயாமல் ஆடுகிற வேறு கையும் இல்லை.

மதினி கையைப் பிசைந்தார். "அப்ப நீங்களே கட்டிக்கிட்டு ஒரு நட நடந்துட்டு வாங்களேன் சேர்," என்று ஆரம்பித்தவர், என் இடது கையை ஒருதரம் பார்த்துவிட்டு, "இல்ல, வேணாம்," என்றார். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அந்தக் கையை நம்பி அண்ணனின் பிழைப்பைப் பணயம் வைக்க எனக்கே துணிவில்லை.

நானா போன மூன்றாம் நாள் பின்னேரம் பயந்துகொண்டே போனேன். குளிருக்கு வாச்சு நிற்கும், மழைக்கு நிற்கும் என்று வழியெல்லாம் பொய்களைத் தயார் பண்ணினேன். அண்ணன் கம்பளித் தொப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை. விரல்கள் அதைச் சுற்றி மடங்கியிருந்தன.

கோப்பையை வைத்துவிட்டு மணிக்கட்டை என் காதருகே நீட்டினார். ஓடியது. பிறகு மூக்கருகே கொண்டுவந்தார்.

"மோந்து பாருங்க சேர். இன்னைக்கு ரொட்டி வாசன இல்ல."

சமையற்கட்டு வாசலில் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மொத நாளே தெரியும். தோல்வாரு எண்ணெய்ய விடுமா? தெரியாத மாதிரி இருந்தேன். என் வாச்சு நிக்கக்கூடாதுன்னு நீங்க இத்தன பேரு ஓடுறீங்க. நான் மட்டும் எப்புடி சேர் சும்மா கெடக்குறது?"

அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். நான் தடிமன் என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன், யாரும் நம்பவில்லை.

இப்போது அண்ணன் மறுபடி பஸ்ஸில். கியர் பழையபடி கதறுகிறது, வளைவுக்கு வளைவு சிரிப்பு. திரும்ப வந்த முதல் நாள், அந்த நீல முகத்து வாச்சைக் கழற்றி என் இடது கையில் கட்டிவிட்டார். இந்தக் கையில் நின்றுவிடுமே என்றேன். தெரியும் என்றார். சனி ஞாயிறில் அது ஒழுங்காக நின்றுவிடுகிறது. நானே குலுக்கி ஓடவைக்கலாம், பெரிய வித்தையில்லை. ஆனாலும் நின்ற வாச்சோடுதான் திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன். "ஒங்கள வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது சேர்," என்று திட்டிக்கொண்டே, மடங்குகிற அந்த விரல்களால் அவர் முள்ளைத் திருப்பி நேரம் வைத்துத் தருவதை நான் பார்க்க வேண்டும்.