பங்குக் கிணறும் ஒரு போனும்

கிணற்று மோட்டாரை ஓடவிடும் ஆப் மூன்றாவது தடவையாகத் தானே மூடிக்கொண்டபோது சௌந்தரபாண்டியனின் வலது கை இட்லியிலும் இடது கை போனிலும் இருந்தன. மணி ஒன்பது ஐந்து.

“மறுபடியும் போச்சா?” என்றாள் சுமதி.

“போச்சு. ‘மன்னிக்கவும், செயலி நின்றுவிட்டது’ங்குது. மன்னிப்பு மட்டும் நல்லாக் கேக்கத் தெரியுது.”

“சட்னிக் கையோட அமுக்குனா அது என்ன செய்யும்?”

“இடது கையிலதான அமுக்குறேன்!”

வீடு பாளையம்பட்டியில். நிலமோ எம்.ரெட்டியபட்டிக்கும் அந்தப் பக்கம். ஒரு ஏக்கர் மிளகாய். கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் பெரியப்பா மகன் தங்கபாண்டியின் முறை, மறுநாள் இவர் முறை. மோட்டார் ஒன்றுதான். உட்கார்ந்த இடத்திலிருந்து போனிலேயே அதை ஓடவிடும் பெட்டி ஒன்றும் உண்டு. அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தையில் இருந்த காலத்தில் வாங்கியது.

பிறகு ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தங்கபாண்டி இவர் பெயரைக் கடைசி வரியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே போட்டுவிட்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. இரண்டு வருஷம் ஆயிற்று. நடுவில் மோட்டார் ரூமில் சுவிட்ச் எரிந்துபோனது. அதை யார் மாற்றுவது என்று இரண்டு பேரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். பேச்சில்லாததால் சுவிட்ச் எரிந்தபடியே கிடந்தது. போன் இருக்கும்போது சுவிட்ச் எதற்கு, அண்ணன் முகம்தான் எதற்கு என்று சௌந்தரபாண்டியன் நிம்மதியாக இருந்தார்.

அந்தப் போன்தான் இப்போது காலை வாரியது. அவருடைய முறை மூன்று தடவை வந்து வீணாகிவிட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற செடி ஒரு வாரமாகத் தண்ணீர் காணவில்லை. நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு செடியும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

மோட்டார் ஓடத் தேவையான திரீ பேஸ் கரண்டு இன்றைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். இன்றும் விட்டால் செடி பிழைக்காது.

“அண்ணனுக்கு ஒரு போனைப் போட்டு என்ன ஏதுன்னு கேளுங்களேன்” என்றாள் சுமதி.

“அந்த அச்சகத்துக்காரன்கிட்ட வேணும்னாக் கேக்குறேன். அவுககிட்டக் கேக்க மாட்டேன்.”

பாதி இட்லியோடு எழுந்து, அவர் வேலை பார்க்கும் உரக்கடைக்குப் போனார். கூட வேலை பார்க்கும் விஜயபாண்டி எதிரே டீக்கடையில் நின்றான். போனைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவனுடைய அபிப்பிராயம்.

“ஏலே, போனுக்குள்ள குப்பை சேந்து கெடக்குலே. கூட்டித் தள்ள ஒரு ஆப் இருக்கு. கொண்டா இங்க.”

ஆப்பை ஏற்றினான். திரையில் ஒரு விளக்குமாறு வந்து இப்படியும் அப்படியும் கூட்டியது. கூட்டி முடித்ததும் வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. அதை மூடினால் இன்னொரு எண்ணெய். மோட்டார் ஆப் திறந்தது, சுற்றியது, மூடிக்கொண்டது. அதைப் பார்த்து வாட்சப்பும் மூடிக்கொண்டது. பிறகு கேமரா.

“முந்தி ஒண்ணுதானடா மூடுச்சு! இப்ப எல்லாம் சேந்து மூடுது!”

“பொறுலே. அந்தக் கூட்டுற ஆப்புலதான் ஏதோ கோளாறு. அதைக் கூட்டுறதுக்கு இன்னொரு ஆப் இருக்கு.”

இரண்டாவது விளக்குமாறும் வந்தது. போன் வடைச்சட்டியாகக் கொதித்தது. சௌந்தரபாண்டியன் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, டீக்குக் காசு கொடுக்க மறந்து, அருப்புக்கோட்டைக்கு டவுன் பஸ் ஏறினார். மணி பத்தேகால். பஸ்ஸிலும் நான்கு தடவை அமுக்கிப் பார்த்தார். நான்கு தடவையும் மன்னிப்புக் கேட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் தங்கச்செல்வியின் செல்போன் கடை. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணாடி கீறியிருக்கு அண்ணாச்சி. மாத்திருவமா?”

“மாத்துனா தண்ணி பாயுமா?”

“தண்ணியா?”

கதையைச் சொன்னார். அவள் இரண்டு விளக்குமாறுகளையும் தூக்கி எறிந்தாள். வாட்சப் திறந்தது, கேமரா திறந்தது. மோட்டார் ஆப் மட்டும் திறந்து, சுற்றி, மூடிக்கொண்டது.

“எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திப் பாக்கணும். போட்டோ, நம்பரெல்லாம் வேற எடத்துல எடுத்து வச்சிருக்கீகளா?”

“எல்லாம் இருக்கும்மா, நீ சீக்கிரம் அழி” என்றார், எங்கே இருக்கிறது என்று தெரியாமலே.

எங்கேயும் இல்லை. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போன போட்டோ, மச்சான் கல்யாணப் போட்டோ, இருநூற்றுச் சொச்சம் நம்பர்கள் எல்லாம் போயே போய்விட்டன. போன் பச்சைப்பிள்ளையாகக் கண் விழித்து, ‘வணக்கம், உங்கள் மொழி எது?’ என்று கேட்டது. சௌந்தரபாண்டியனுக்கு அழுவதா, மொழியைச் சொல்வதா என்று தெரியவில்லை.

மணி பதினொன்று இருபது. தங்கச்செல்வி மோட்டார் ஆப்பைப் புதிதாக ஏற்றி, அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். புருவம் உயர்ந்தது.

“அண்ணாச்சி, இதை யாரும் படிச்சே பாக்கலையா? ஒரு நேரத்துல ஒரு போன்லதான் இது வேலை செய்யுமாம். இன்னொருத்தர் திறந்தா முதல்ல இருக்கவுகளை வெளிய தள்ளிருமாம். உங்க போன்ல ஒரு குத்தமும் இல்லை. உங்க முறையில யாரோ உள்ள பூந்து உங்களைத் தள்ளிவிடுறாக.”

“சொன்னேனா இல்லையா!” யாரிடமும் சொல்லாத சௌந்தரபாண்டியன் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். “பேரைத்தான் கடைசியில போட்டாக. இப்ப தண்ணியையும் தடுக்காகளா? ஒரு கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவுக செய்யிற வேலையா இது?”

“சத்தம் போடாதீக. இப்ப உள்ள போக ஓடிபி வேணும். அறுபத்துமூணுல முடியிற நம்பருக்குப் போயிருக்கு. அது யாரு நம்பரு?”

பெட்டி வாங்கும்போது மூத்தவர் பெயரில் இருக்கட்டும் என்று இவரேதான் அண்ணன் நம்பரைக் கொடுத்திருந்தார். மிளகாய்ச் செடிகள் கண்முன் வந்து நின்றன. கடைக்காரியின் போனை வாங்கினார். இரண்டு வருஷமாகக் கூப்பிடாத நம்பரை விரல் தானாகப் போட்டது. அதுவே அவருக்குக் கோபமாக இருந்தது. கேட்கவேண்டிய கேள்விகளைச் சுடச்சுட நாக்கில் வைத்துக்கொண்டார்.

எடுத்தது அண்ணன் மனைவி மாரீஸ்வரி.

“மதினி, சௌந்தரம் பேசுறேன். அண்ணன் போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்கும். முதல்ல அதைச் சொல்லுங்க.”

“இருங்க, பாக்குறேன்” என்றாள். பிறகு ஒவ்வொரு எண்ணாக வந்தது. தங்கச்செல்வி போட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது: ‘மோட்டார் ஓடுகிறது.’

மணி பதினொன்றரை. சௌந்தரபாண்டியன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலைத் தாண்டி அவருக்குக் கேட்டது. உடனே கோபமும் திரும்பி வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“பாத்தியாம்மா? போனு மதினி கைக்குப் போனதும் மோட்டாரு ஓடுது. அப்ப இத்தனை நாளாத் தள்ளிவிட்டது யாரு? நீயே சொல்லு.”

பிறகு போனில் குரலை உயர்த்தினார். “மதினி, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. அண்ணனைக் கூப்புடுங்க.”

“அமுக்கி அமுக்கிச் சலிச்சுப்போய், போனை எங்கிட்டக் குடுத்துட்டு இங்கனதான் தலையில கைய வச்சு உக்காந்திருக்காக” என்றாள் மாரீஸ்வரி. “போன வாரம் ஒரு நாள் நீங்க மோட்டாரு போடத் தாமசமாகவும், தம்பி செடி வாடுதேன்னு மனசு கேக்காம, உங்க முறையன்னைக்கெல்லாம் தானே போட்டுவிடணும்னு ஒம்பது மணியில இருந்து அமுக்கிக்கிட்டே கெடக்காக, எவனோ ஒரு எடுபட்ட பய உள்ள பூந்து உங்க அண்ணனை வெளிய தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கானாம், டவுனுலதான இருக்கீக, அவன் யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க கொழுந்தனாரே!”